இணைய உலகங்கள்: ஹட்டனிலிருந்து கேள்வி பதில்

ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். 2008இலிருந்து இந்த மாய உலகங்களுக்குள் உலவி வருகிறேன். கேட்டவர்களில் சிலருக்கு நீளமாக, சிலருக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: பேங்கிலிருந்து ஃபோனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு 11 வயது. ஸ்கூல் விட்டு வந்ததும் ரோப்லொக்ஸ்தான். கெட்டுப் போவானா சேர்?

அக்கா, ரோப்லொக்ஸ் ஒரு விளையாட்டு இல்லை, சந்தை மாதிரி. ஆடுகிறவர்களே செய்துபோட்ட எத்தனையோ விளையாட்டுகள் அதற்குள் கிடக்கின்றன. மகன் எதை ஆடுகிறான், யாரோடு பேசுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தெரியாத ஆள் "வட்ஸ்அப்புக்கு வா" என்று கூப்பிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெற்றோர் கட்டுப்பாட்டில் சாட் வசதியை மூடலாம், செலவுக்கும் எல்லை வைக்கலாம்.

நல்லதும் உண்டு. என் வகுப்பில் ஒரு தோட்டத்துப் பிள்ளை, வாயே திறக்க மாட்டாள். கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் நாலு பேரை வேலை வாங்கி, தோட்டத்து வரிசை வீடான தன் லயத்தையே கட்டினாள். பன்னிரண்டு காம்பரா, இஸ்தோப்பு, முன்னால் கான், கடைசியில் கோயில், எல்லாம் அச்சு அசல். ஆனால் ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்பக்கம் ஜன்னல் வைத்திருந்தாள். உங்கள் லயத்தில் அப்படி இல்லையே என்றேன். "இங்க வைக்கலாந்தானே சேர்" என்றாள்.

நிறைய நேரம் ஆடுவதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022இலிருந்து விளையாட்டு அடிமைநிலை இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிவிடுதல், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல், இவை பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் கணக்கு. சாப்பாடும் தூக்கமும் படிப்பும் ஒழுங்காக இருந்தால் பயப்படாதீர்கள்.

நுவரெலியா: ரோப்லொக்ஸுக்குள் செலவழிக்கும் காசு, ரொபக்ஸ், அதை ஃப்ரீயாக எடுக்க எந்த ஆப் நல்லது?

எதுவுமில்லை. எல்லாம் பாஸ்வேர்ட் திருட்டு.

கொட்டகலை: ஆறு வயது மகளுக்குக் கண்ணில் மாட்டும் விஆர் ஹெட்செட் வாங்கலாமா?

வேண்டாம். அதைச் செய்து விற்கும் மெட்டா நிறுவனமே பத்து வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை.

பதுளை: ரோப்லொக்ஸில் விளையாட்டு செய்து சம்பாதிக்கலாமாமே. என்னிடம் ஃபோன் மட்டும்தான்.

செய்வதற்கான ஸ்டூடியோ மென்பொருள் ஃபோனில் ஓடாது, கம்ப்யூட்டர் வேண்டும். லுவா என்ற புரோகிராம் மொழி படிக்க வேண்டும். சம்பாதிப்பவர்கள் கொஞ்சப் பேர், படித்த லுவா மட்டும் எல்லோருக்கும் மிஞ்சும்.

பண்டாரவளை: அண்ணா, செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் நிலம் வாங்கி வாடகைக்கு விடப் போகிறேன். கொழும்பில் ஒரு பேர்ச் காணி வாங்கும் காசுக்கு அங்கே தீவே கிடைக்கும்.

தம்பி, வாங்கும் விலையோடு முடியாது. மாதாமாதம் கட்டணம் உண்டு, கட்டாவிட்டால் நிலம் போய்விடும். அமெரிக்காவில் மார்க் பிராக் என்ற வழக்கறிஞர் அங்கே நிலம் வாங்கிக் குவித்தார். ஏலத்தில் குறுக்கு வழியில் வாங்கினார் என்று சொல்லி, 2006இல் அந்த உலகத்தை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் கணக்கையே முடக்கிவிட்டது. எல்லா நிலமும் ஒரே நாளில் கையைவிட்டுப் போனது.

அதே தம்பி: அவர் வழக்குப் போட்டு ஜெயித்தாரே! மாலைதீவு அரசாங்கமே அங்கே தூதரகம் திறந்ததே!

ஜெயிக்கவில்லை, 2007இல் சமாதானமாக முடிந்தது. மாலைதீவு அதே வருஷம் தூதரகம் திறந்தது உண்மை. அதற்காக நாட்டை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லையே.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 200 வருஷம் இந்த மலையில் உழைத்தும் எத்தனையோ பேருக்குக் காம்பரா இன்னும் சொந்தப் பெயரில் இல்லை. பையன் எங்கேயோ ஒரு துண்டு நிலத்துக்கு ஆசைப்பட்டால் என்ன பிழை?

ஆசையில் பிழையே இல்லை ஐயா. என் அப்பா செத்ததும் கம்பெனிக் காம்பராவில்தான். அதனால்தான் எரிகிறது. அங்கேயும் காணி உறுதி கம்பெனி கையில். இங்கே பிரச்சினை என்றால் சங்கத்துக்குப் போகலாம், ரோட்டை மறிக்கலாம். அந்த உலகம் ஓடும் கம்பெனிக் கம்ப்யூட்டரை நிறுத்தினால் எந்த ரோட்டை மறிப்பது?

பண்டாரவளை: சரி, நிலம் வேண்டாம். அங்கே பேங்கில் போட்டால் வட்டி தருவார்களாமே?

ஐயோ தம்பி. கிங்கோ என்று ஒரு 'பேங்க்' அங்கே இருந்தது. நம்ம ஊரில் சீட்டுப் பிடித்தவர் ராவோடு ராவாக ஓடுவது போல 2007இல் விழுந்தது. போனது சுமார் ஏழரை லட்சம் டொலர். அடுத்த ஜனவரியில் லிண்டன் லேப் அனுமதிப்பத்திரமில்லாத பேங்க்குகளுக்கே தடை போட்டது. உன் காசுக்கு ஒரு பழைய லெப்டொப் வாங்கு. அங்கே வீடு, உடுப்பு வடிவமைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் படி.

வெலிமடை: சேர், ஃப்ரீ ரொபக்ஸ்...

மேலே போய் நுவரெலியாக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள். ஓடிபி கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் உடனே பேங்குக்கு கோல் எடுங்கள்.