ஜூன்டீன்த் மேசையில் எதை வைப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹூஸ்டன் புறநகரில் வசிக்கிறேன். ஜூன் 19 அன்று எங்கள் பூங்காவில் ஜூன்டீன்த் விழா, அதாவது 1865இல் டெக்சாஸில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் விழா. இங்குள்ள கறுப்பினக் குடும்பங்களின் தேவாலயக் குழு நடத்துகிறது. ‘வாழும் வரலாறு’ என்று, 1865ஆம் வருட உடையில் அந்தக் காலத்துப் பொருட்களோடு நின்று விளக்கும் மேசைகள் உண்டு. தன்னார்வலராக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். குழுவில் ஒருவர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டலாம் என்கிறார். இன்னொருவருக்குத் துப்பாக்கி வெடித்தே ஆகவேண்டும். இரண்டுமே எனக்கு உறுத்துகிறது, ஆனால் மாற்றாக என்ன சொல்வது? தமிழ்ச் சங்கத்தார் ரோஸ்மில்க் கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள்.

ச., ஹூஸ்டன்

அன்புள்ள ச.,

ஏலம் வேண்டாம். 1994 அக்டோபரில் வர்ஜீனியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றை நடித்தார்கள். நடத்தியவர்கள் அதையே தொழிலாகச் செய்துவந்த கறுப்பின விளக்குநர்கள். அப்படியும் உரிமை அமைப்புகள் நேரில் வந்து எதிர்த்தன. பார்த்து முடித்தபின் மனம் மாறியவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே கூட்டம் முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்த்தது. பூங்கா விழாவில் பாதியில் வருவார்கள், பாதியில் போவார்கள். கையில் ஐஸோடு நடுவில் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு மனிதரை விலை கூறுவது மட்டும்தான் கண்ணில் படும்.

ஜூன்டீன்த் என்பது அந்த விலை கூறல் ஒழிந்த நாள். மறுநாள் காலையில் அந்த மக்கள் முன் நின்ற கேள்விகள் வேறு: கூலி எவ்வளவு, பிரிந்துபோன பிள்ளை எங்கே, இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன. உங்கள் மேசைகளை இவற்றைச் சுற்றி அமையுங்கள்.

முதலில் ஆணை. 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸ் துறைமுக நகரான கால்வெஸ்டனில் வடக்கு மாநிலப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் வெளியிட்ட மூன்றாம் எண் பொது ஆணை நூறு ஆங்கிலச் சொல்லுக்கும் குறைவு. ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம். பல விழாக்களில் முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடிமைகள் எல்லோரும் விடுதலை, முன்னாள் எஜமானருக்கும் அவர்களுக்கும் முழுச் சம உரிமை என்பது அந்தப் பகுதி. கைதட்டலும் அங்கே கிடைத்துவிடும். அதை அடுத்துவரும் வரிகள்தான் எனக்கு முக்கியம்: இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் கூடக்கூடாது, சும்மா இருப்பவருக்கு ஆதரவு கிடையாது. விடுதலையும் எச்சரிக்கையும் ஒரே காகிதத்தில். முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறை வாசித்தால் போதும்.

யாராவது ஆஷ்டன் வில்லா மாளிகையின் பால்கனியிலிருந்து கிரேஞ்சர் வாசித்ததாகப் பலகை எழுதிவந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ராணுவத் தலைமையகம் இருந்தது ஸ்ட்ராண்ட் தெரு முனையில், ஆஸ்டர்மன் கட்டடத்தில்.

துப்பாக்கி கேட்கும் நண்பரைச் சம்பள மேசைக்கு அனுப்புங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கு மாநிலங்களின் படையில் இருந்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் டெக்சாஸ் கடற்கரையில் வந்து இறங்கியவர்களிலும் கறுப்பினப் படையணிகள் உண்டு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கு 10. அந்தப் பத்திலும் உடைக்கென்று 3 பிடித்தம். சமச் சம்பளச் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது. இரண்டு தகரத் தட்டு வையுங்கள். ஒன்றில் 13 நாணயம், மற்றதில் 10. எதிரே நிற்கும் சிறுவனையே எண்ணச் சொல்லி, அவன் எண்ணி முடித்ததும் பத்திலிருந்து மூன்றைக் கையால் வழித்து எடுங்கள். எந்த வேட்டுச் சத்தமும் இதற்கு ஈடாகாது. கறுப்பினச் சிப்பாய்களின் 54ஆம் மாசசூசெட்ஸ் படையணி இந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

துப்பாக்கியை மேசைமேல் வைப்பதில் தடையில்லை, வெடிமருந்து இல்லாமல். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்துக் குழலில் கொட்டிக் கம்பியால் இடித்து நிரப்பும் ஒன்பது நிலைகளைச் சைகையில் செய்துகாட்டினாலே கூட்டம் நிற்கும். பூங்காவில் வெடிப்பதென்றால் நகராட்சி அனுமதி, தூரக் கயிறு, பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் எல்லாம் வேண்டும். ஹூஸ்டன் ஈரக் காற்றில் மருந்து நமத்துவிட்டால், வெடிக்காத குழலை வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நிற்க நேரும்.

படை உடை தடித்த கம்பளி. ஜூன் வெயிலில் அதைப் போட்டவர் அரைமணிக்கு மேல் நிற்கக்கூடாது. மேசைக்கு இரண்டு பேர், மாறிமாறி, நிழலில். மயங்கி விழுபவர் பெரும்பாலும் ‘இன்னும் ஒரு குழு பார்த்துவிடட்டும்’ என்று சமாளித்தவராகத்தான் இருப்பார்.

உங்களுக்கு நான் சொல்வது தேடல் விளம்பர மேசை. விடுதலைக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கறுப்பினப் பத்திரிகைகளிலும் தேவாலய ஏடுகளிலும் மக்கள், விற்கப்பட்டுப் பிரிந்த தாயை, தம்பியை, மகளைத் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளியான ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ ஏட்டில் இதற்கென்றே ஒரு பத்தி இருந்தது. அம்மாவின் பெயர், அவளை வைத்திருந்தவர் பெயர், யாருக்கு விற்றார், கடைசியாகப் பார்த்த ஊர்: நாலைந்து வரிதான். பழைய பக்கங்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆறேழை அச்சிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் பலகையில் ஒட்டினால் ஒன்றையும் படிக்கமாட்டார்கள். நீங்களாக ஒரு விளம்பரம் எழுதி ‘அந்தக் காலத்தது போல’ வைத்துவிடாதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றவையும் பொய்யாகிவிடும்.

இந்த மேசைக்கு உங்கள் வழக்கமான உடை போதும். அடிமைப்படுத்தப்பட்ட பெண்ணின் உடையை நீங்கள் உடுத்த வேண்டாம், ‘நான்’ என்று அவர்கள் குரலில் பேசவும் வேண்டாம். ‘அவர்கள் இப்படி எழுதினார்கள்’ என்று சொல்லுங்கள். 1936 முதல் 1938 வரை அரசு எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகள் 2,300 பேருக்கு மேல் பேட்டி கண்டது. வாசிக்க எடுத்தால் பேச்சுவழக்கை நடித்துக்காட்டாதீர்கள். அந்த உச்சரிப்பு எழுத்து, கேட்டு எழுதியவர்கள் போட்டது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

சமையல் மேசைக்குச் சாம்பல் ரொட்டி. அடிமைத்தளையிலிருந்து தப்பி எழுத்தாளரான பிரெடரிக் டக்ளஸ், அடிமைகளுக்கு அளந்த மாதப் படி என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியது: எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் கொள்ளளவு) மக்காச்சோள மாவு. அந்த மாவில்தான் இந்த ரொட்டி. இரண்டு கப் மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கப்புக்குச் சற்று மேல் கொதிநீர். இடியாப்ப மாவுக்குப்போலக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கரண்டியால் கிளறிப் பத்து நிமிடம் மூடிவைத்து, விரல் கனத்துக்குத் தட்டி, முட்டைக்கோஸ் இலையில் சுற்றி, சாம்பல் மூடிய தணலில் இருபது நிமிடம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உதிர்ந்துவிடும். கனம் கூடினால் நடுவில் வேகாது. கடையில் மாவு வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ‘செல்ஃப் ரைசிங்’ என்ற வகை அதிகம். அதில் கோதுமையும் சோடாவும் கலந்திருக்கும், ரொட்டி உப்பி கேக் ஆகிவிடும். ஓக் விறகை இரண்டு மணி நேரம் முன்பே பற்றவைத்தால்தான் தணல் கிடைக்கும். சுட்டதைப் பரிமாற உணவு அனுமதி தேவைப்படும். இல்லாவிட்டால் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரோஸ்மில்க்குக்கு வருகிறேன். ஜூன்டீன்த்தில் சிவப்புப் பானமும் தர்ப்பூசணியும் மரபு. நிறம் பொருந்துகிறது என்பதற்காக ரோஸ்மில்க்கை மரபு என்று பலகை மாட்டிவிடாதீர்கள். தமிழ்ச் சங்கத்தின் பானம் என்று கொடுத்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், முதலில் விழாக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் பானத்தையே செய்ய ஆசை என்றால், மேற்கு ஆப்பிரிக்காவில் குடிக்கும் செம்பருத்தி வகைப் பானம் இருக்கிறது. நம் புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடிதான். உலர்ந்த புல்லிதழ் 40 கிராம், தண்ணீர் இரண்டு லிட்டர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, சூட்டிலேயே முக்கால் கப் சர்க்கரை. சங்கத்தின் பெரிய அலுமினிய அண்டாவில் மட்டும் வேண்டாம். புளிப்பு பட்டு உலோக வாடை ஏறிவிடும். எவர்சில்வரில் செய்யுங்கள்.