செமினார் என்றாலே வயிறு கலங்குகிறதே டாக்டர்?

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தருமபுரிக்கு வந்து எம்.எஸ்சி. படிக்கிறேன். கைடு கொஞ்சம் குரலை உயர்த்தினாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. செமினாருக்கு முந்தின நாள் வயிறு கலங்கி, நெஞ்சு படபடக்கிறது. கூடப் படிப்பவர்கள் 'தொட்டாற்சிணுங்கி' என்று கேலி செய்கிறார்கள். படிப்பே வேண்டாம் என்கிறார் அம்மா. இது மனநோயா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை. சத்தம், கூட்டம், அடுத்தவர் முகச்சுளிப்பு எல்லாமே சிலருக்குக் கூடுதலாக உறைக்கும். எலெய்ன் ஆரன் என்ற உளவியலாளர் 1990களிலேயே இந்தச் சுபாவத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுபாவத்துக்கு மாத்திரை கிடையாது.

ஆனால் படபடப்பையும் சுபாவத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே தொல்லையைத் தரும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருநாள் காலையில் போய் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது உங்கள் பொழுது. ஸ்பீக்கர் அலறும் தனியார் பஸ், இறங்கியதும் வகுப்பு, லேப், திரும்ப அதே பஸ், வீட்டில் டிவி. காதுக்கும் மனசுக்கும் இடைவெளியே இல்லை. கூட வருபவர்களுக்கு இது பழகிவிடும். உங்களுக்குள் சேர்ந்துகொண்டே போகும். கைடு சொல்லும் ஒரு சொல் அதற்கு மேல்தான் வந்து விழுகிறது. ஸ்பீக்கருக்குக் கீழ் சீட்டில் உட்காராதீர்கள், காதில் பஞ்சு வைத்தாலும் தப்பில்லை. (பாட்டைக் குறைக்கச் சொல்லி எந்த கண்டக்டர் கேட்டிருக்கிறார்?) மதியம் சாப்பிட்டதும் கால் மணி நேரம் மரத்தடியில் தனியாக இருங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டு. மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். அதிலுள்ள கஃபீன் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

செமினாருக்கு மட்டும் லீவு போடாதீர்கள். அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். முந்தின நாள் காலி வகுப்பறையில் இரண்டு தோழிகள் முன்னால் பேசிப் பாருங்கள். மேடையேறும் முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அதே மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அம்மாவிடம், ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அடுத்த செமினாரும் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.