வில்லால் மான் வேட்டையாட என்னென்ன கருவிகள் வேண்டும்? பல வருட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

2002இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்தேன். 2004இல் வில்லைக் கையில் எடுத்தேன். மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு மேற்கே மேடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் நிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தின் அனுமதியோடு, அவர்களுடைய சோளக்கொல்லையை ஒட்டிய காட்டில் வேட்டையாடுகிறேன். வெண்வால் மான் மட்டும்தான்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே மாநில அரசே உரிமம் கொடுக்கிறது. எந்த வட்டாரத்தில் எத்தனை மான், எந்த மாதம், விடியலுக்கு எவ்வளவு முன்னால் அம்பு விடலாம் என்பது வரை விதி இருக்கிறது. 1973ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி ஆரம்பம் வரை போகும். வில்லுக்கென்று தனிப் பருவத்தை இந்த மாநிலம் முதன்முதலில் திறந்தது 1934இல். காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆல்டோ லியோபோல்ட் அந்தக் காலத்தில் மேடிசன் பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்த்தார். அவரும் வில்வேட்டைக்காரர், தன் வில்லைத் தானே செதுக்கிக்கொள்வார். இந்த மண்ணில் வில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, கருவிக்கு வருகிறேன். எல்லோரும் வில்லில் தொடங்குவார்கள். நான் மரத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் என்னைக் கொல்லப் பார்த்தது மரம்தான்.

இங்கே நாங்கள் தரையிலிருந்து 15, 20 அடி உயரத்தில் மரத்தோடு கட்டிய சின்னப் பரணில் உட்காருவோம். தினைப்புனத்துப் பரண் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆள் உட்கார இருக்கை, கால் வைக்க ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் மேலே ஏறி உட்கார்ந்த பிறகே பாதுகாப்பு வாரை மரத்தில் மாட்டுவேன். 2012 நவம்பரில் ஒரு விடியற்காலை, ஏணிப்படியில் உறைந்திருந்த பனி தெரியவில்லை. எட்டடி உயரத்திலிருந்து விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது, அந்தப் பருவமே போயிற்று. என் மனைவி மருத்துவமனையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது பேசியதைவிடக் கனமாக இருந்தது. பரணில் உட்கார்ந்திருக்கும்போதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பரணுக்கு மேலே மரத்தில் கட்டி அடிவரை தொங்கும் ஒரு கயிறு, அதில் கையால் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டே வந்து, எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சு, அந்த முடிச்சோடு உடல் வாரை இணைக்கும் கொக்கி, இது போதும். காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன் மாட்டிவிட்டால் திரும்பத் தரையைத் தொடும்வரை கழற்ற வேண்டியதில்லை. 40 டாலருக்குள் கிடைக்கும். உங்கள் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

அப்புறம் வில். கூட்டு வில், அதாவது காம்பவுண்ட் வில், வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பி போலச் சுழலும் சக்கரங்கள் இருக்கும். மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் கண்டுபிடித்து 1969இல் காப்புரிமை பெற்றது. அதன் பெரிய வசதி இதுதான்: இழுக்கும்போது 60 பவுண்டு பலம் வேண்டும், ஆனால் முழுக்க இழுத்துவிட்ட பிறகு 12 பவுண்டுதான் கையில் நிற்கும். மான் மரத்தின் பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தை அதை வைத்துத்தான் தாக்குப்பிடிக்கிறோம். இங்கே சட்டப்படி 30 பவுண்டு வில்லே போதும். 70 பவுண்டு வாங்கிவிட்டு, வானத்தைப் பார்த்துத் தூக்கி முக்கி முக்கி இழுப்பவர்களை மைதானத்தில் பார்க்கிறேன். குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபின் அவர்களால் அதை இழுக்கவே முடியாது. உட்கார்ந்தபடி, வில்லை நேராகப் பிடித்து, சத்தமில்லாமல் இழுக்க முடிகிற எடைதான் உங்கள் எடை.

எடையைவிட முக்கியம் இழுவை நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறோம் என்பது. இரண்டு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் கிட்டத்தட்டக் கிடைக்கும். எனக்கு 68 அங்குலம், ஆகவே 27 சொச்சம். முதல் இரண்டு வருடம் 29 அங்குல வில்லை வைத்துக்கொண்டு, நாண் முன்கையில் பட்டுப் பட்டு, கறுத்த தழும்போடு அலைந்தேன். கடையில் விற்றவர் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது வில் வேண்டுமென்பதில்லை. இப்போது என்னிடம் இருப்பது யாரோ இரண்டு பருவம் பயன்படுத்திய வில், 350 டாலருக்கு வாங்கியது. நாணை மட்டும் புதிதாக மாற்றினேன்.

அம்புக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். என் அம்பு தலையோடு சேர்த்து 450 கிரெயின், நம் கணக்கில் மூன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். இதைவிட இலேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் வில் அதிகம் சத்தம் போடும், எலும்பில் பட்டால் நின்றுவிடும். தலையில் மூன்று நிலையான பிளேடுகள். பட்டவுடன் விரியும் வகையும் இருக்கிறது, அது பெரிய காயம் செய்யும் என்று நிறைய பேர் விரும்புகிறார்கள். நடுத்தர எடையில் இழுக்கிற எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எதை எடுத்தாலும் கூர் முக்கியம். துப்பாக்கிக் குண்டு அடிக்கிற அடியிலேயே விலங்கை வீழ்த்தும். அம்பு வெட்டி, இரத்தம் வடியவைத்துத்தான் கொல்லும். மழுங்கிய அம்புத்தலையைச் செலுத்துவதைப் பெரும் பாவமாக நினைக்கிறேன். ஒவ்வொரு வேட்டைக்கு முன்னும் ஒரு தாள் காகிதத்தைச் சீவிப் பார்க்கிறேன். சீவவில்லையென்றால் அந்தத் தலை பயிற்சிக்குத்தான்.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு காட்டுக்கே போகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். வில்லின் மீது 11 சதவீதக் கூட்டரசு வரி உண்டு. 1937இல் துப்பாக்கிக்காக வந்த சட்டத்தில் வில்லை 1970களில் சேர்த்தார்கள். அந்தத் தொகை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

நான் வைத்திருக்கும் கருவிகளில் மிகவும் பிடித்தது காசு கொடுத்து வாங்காத ஒன்று. நம் ஊர் எருக்கின் சொந்தக்காரச் செடி ஒன்று இங்கே சாலையோரமெல்லாம் வளர்கிறது. இலையைக் கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. செப்டம்பர் கடைசியில் நாலைந்து காய்களைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பரணில் உட்கார்ந்து ஒரு பஞ்சைப் பறக்கவிட்டால், காற்று எப்படிப் போகிறது என்று நூறு கஜம்வரை கண்ணால் பார்க்கலாம். காலை வெயில் ஏற ஏறப் பஞ்சு சரிவில் மேல்நோக்கிப் போகும். மாலையில் குளிர்ந்த காற்று வாய்க்கால் தண்ணீர் போலப் பள்ளத்தாக்கில் இறங்கும், பஞ்சும் கூடவே இறங்கும். என் வாசனையும் அதே வழியில்தான் போகிறது. வாசனையை மறைக்கும் தெளிப்பான், சோப்பு, பெட்டி என்று இருபது வருடத்தில் வாங்கிப் பார்த்துவிட்டேன். காற்று தவறான பக்கம் இருந்தால் எதுவும் உதவவில்லை. அன்றைக்கு அந்தப் பரணுக்குப் போகாமல் இருப்பதுதான் வழி.

உடுப்பு விஷயத்தில் இவ்வளவு போதும்: மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரித்துத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அதனால், துணியை நீலமாக ஒளிரவைத்து வெளுப்பாகக் காட்டும் பொருள் கலந்த சலவைத்தூளில் துவைக்காதீர்கள். குளிருக்குக் கம்பளி. இடது கைச் சட்டை நாணில் உரசாதபடி ஒரு பட்டை.

இனி, யாரும் கடையில் விற்காத ஒன்று. தூரம்.

முதல் இரண்டு பருவமும் ஒரு மான்கூட இல்லை. 2006 அக்டோபரில் முதல் மான், பெண் மான், 18 கஜத்தில். எழுபது அடி போய்ச் சாய்ந்தது. அதன் பக்கத்தில் முழங்காலிட்டபோது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதன் சூடு என் உள்ளங்கையில் இருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு மூன்று மான் எளிதாகக் கிடைத்தது, தைரியம் வந்துவிட்டது. 2009 நவம்பர் முதல் வாரம், இணைசேரும் பருவம். ஒரு பெண் மானைத் துரத்திக்கொண்டு எட்டுக்கிளைக் கொம்போடு ஆண் மான் ஒன்று வந்து 38 கஜத்தில் நின்றது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விட்டேன்.

அந்தத் தூரத்தில் என்ன நடக்கிறது என்று அப்போது யோசித்ததில்லை. என் அம்பு நொடிக்கு 260 அடி போகும். ஒலி 1100 அடிக்கு மேல். 38 கஜம் என்றால் 114 அடி. நாண் அதிர்ந்த சத்தம் பத்தில் ஒரு நொடியில் மானை எட்டிவிடுகிறது, அம்பு வர இன்னும் மூன்றில் ஒரு நொடி ஆகும். அந்த இடைவெளியில் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கும், முதுகு ஒரு சாணுக்கும் கீழே இறங்கும், உடலும் திரும்பிவிடும். நான் குறிவைத்தது தோளுக்குப் பின்னால், நுரையீரலில். பட்டது வயிற்றில்.

அது முதுகைக் கூன்போட்டு, வாலைத் தாழ்த்தி, மெதுவாக நடந்துபோனது. அம்பை எடுத்துப் பார்த்தேன்: பச்சையாக, நாற்றத்தோடு. நுரையீரல் இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும், அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். ஈரல் இரத்தம் கருஞ்சிவப்பு, குறைந்தது நாலு மணி நேரம். வயிற்றில் பட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. தொந்தரவு செய்யாவிட்டால் மான் பக்கத்திலேயே படுத்து அங்கேயே உயிரை விடும். இதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரவில் மழை வரும், தடம் அழிந்துவிடும் என்ற பயத்தில் நாற்பது நிமிடத்தில் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குப் போய்விட்டது, அவரிடம் அனுமதி வாங்குவதற்குள் மழையும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. கறி ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. எனக்கு அனுமதி கொடுத்த பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மழை உனக்குத்தான் அவசரம், மானுக்கு இல்லை" என்றார்.

அந்த வருடம் வில்லை மாற்றவில்லை, அம்பை மாற்றவில்லை. தூரத்தை மாற்றினேன். 25 கஜம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கொம்பு வந்தாலும் நாணைத் தொடுவதில்லை. பரணில் உட்கார்ந்ததும் தூரமானி வைத்து நாலைந்து மரங்களை அளந்து, 25க்குள் இருக்கும் மரம் எது என்று மனத்தில் குறித்துக்கொள்கிறேன். மான் வந்தபிறகு அளக்க நேரம் இருக்காது.

கறியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விஸ்கான்சின் மான்களில் நாள்பட்ட உடல் நலிவு நோய் இருப்பது முதலில் தெரிந்தது 2002இல், இந்தப் பகுதியில்தான். மூளையைத் தாக்கும் நோய், சமைத்தாலும் அதன் காரணி அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணமில்லை, ஆனால் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவத் துறையின் அறிவுரை. மாநிலமே இலவசமாகச் சோதனை செய்கிறது. தலையைக் கொண்டுபோய் அதற்கான பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் தனியாகப் பெயரெழுதி வைப்பேன். ஒருமுறை நோய் இருப்பதாகப் பதில் வந்தது. பார்வைக்கு நல்ல கொழுத்த மான். முழுவதையும் தூக்கி எறிய வேண்டியிருந்தது, அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நல்ல பதில் வந்தால் திருவிழாதான். மான்கொழுப்பு நாக்கில் மெழுகு போல ஒட்டும், அதை முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள். முதுகுக்கறியை மிளகு, சின்ன வெங்காயம் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் வறுக்காதீர்கள், தோல் போலாகிவிடும். கழுத்தும் கால்சந்தும் குக்கரில் குழம்பாகட்டும். அம்மா இங்கே வந்திருந்தபோது தொடைக்கறியை மஞ்சள், உப்பு, மிளகாய் தடவி உப்புக்கண்டம் போட்டார். வெயில் போதாமல் அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தினோம். நிலத்துக்காரப் பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் அவரே கேட்கிறார்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஏப்ரலில் தொடங்குங்கள், செப்டம்பருக்கு ஐந்து மாதம் கிடைக்கும். முதலில் நூறு நூறு அம்பு விட்டுப் பழகலாம், கை படியட்டும். ஆகஸ்டிலிருந்து நான் தினமும் ஒரே ஒரு அம்புதான் விடுகிறேன். அலுவலகத்திலிருந்து வந்ததும், உடம்பைச் சூடேற்றாமல், வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, 25 கஜத்தில். பட்ட இடத்தை நோட்டில் குறிப்பேன். மான் எனக்கு இரண்டாவது அம்புக்கு வாய்ப்புக் கொடுத்ததில்லை. போன ஆகஸ்டில் 31 அம்பில் 28 உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் இருந்தது. மீதி மூன்றும் நான் அவசரமாக விட்ட நாட்கள், நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்.