மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன்

அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: மகளுக்குப் பார்வைக் குறைபாடு 75 சதவீதம். பிளஸ் டூ முடித்துவிட்டாள், வரலாறு படிக்க ஆசை. பங்காளிகளும் மாமன்மாரும், "வரலாறு படிச்சு என்ன பண்ணப்போகுதுங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்துங்க" என்கிறார்களாம். தோட்டத்தை அடமானம் வைத்து சீட் வாங்கலாமா?

வேண்டாங்க. பார்வையே இல்லாதவர்கள் புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறார்கள், அதனால் கண்ணைக் காரணம் சொல்ல மாட்டேன். உங்கள் மகளுக்கு அதில் மனசில்லை, அது ஒன்றே போதும். கடனுக்கு வட்டி கட்டப்போவது நீங்கள், மாமன்மார் அல்ல. வங்கித் தேர்வுக்கும் குரூப் 2-வுக்கும் ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம். கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவில் 'மாற்றுத்திறனாளி' என்று குறித்துச் சான்றிதழை ஏற்றுங்கள். அவர்களுக்குத்தான் முதலில் கலந்தாய்வு. பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால், பெயர் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கு கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

படிக்க, என்விடிஏ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டால் திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசிக்கும். சிக்கல் பாட நோட்ஸில்தான் வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தை அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் வாசிக்க எழுத்தே இருக்காது. அதனால் முதல் வாரத்திலேயே துறைத் தலைவரிடம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்த கோப்பாகக் கேட்டுவிடச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் உறுப்பினராகலாம், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கென்றே நடப்பது அது.

தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி. சொல்வதை எழுத ஆள் வேண்டுமென்றால், பார்வை முழுதும் போகாதவர்களிடம் அரசு மருத்துவமனைச் சான்று கேட்பார்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது. செமஸ்டர் தொடங்கியதுமே வாங்கி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.