நள்ளிரவில் வரும் வயிற்றுக் காயம்: ஓர் இளம் அறுவை மருத்துவரின் பயத்துக்குப் பதில்

கேள்வி: எம்.எஸ். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் பணி. பித்தப்பை, குடல்வால் எல்லாம் லேப்ராஸ்கோப்பியில் தயங்காமல் செய்கிறேன். ஆனால் பைக் விபத்தில் வயிறு உப்பி, பி.பி. இறங்கி ஒருவர் வந்தால் பதறிவிடுகிறேன். படிக்கும்போது கிழிந்த கல்லீரலை நானே கையாண்டதில்லை. எந்தப் பயிற்சி எடுத்தால் தன்னம்பிக்கை வரும்?

பதில்: டாக்டர், இந்தப் பயத்துக்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு அல்ல. நான் படித்த காலத்தில் மண்ணீரல் கிழிந்தால் வயிற்றைத் திறந்துவிடுவோம். இன்று பி.பி. நிலையாக இருந்தால் சி.டி. எடுத்துவிட்டு, திறக்காமல் கண்காணிக்கிறோம். நோயாளிக்கு இது மிக நல்லது. ஆனால் தியேட்டருக்கு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வருபவர்களோ மிக மோசமான நிலையில் வருகிறார்கள். அந்த நேரத்தில் கத்தி சீனியர் கையில் இருக்கும், நீங்கள் காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருப்பீர்கள். அப்புறம் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பயிற்சிக்கு வருகிறேன். விபத்துக் காயத்துக்கு முதல்கட்டச் சிகிச்சை கற்றுத்தரும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அவர்களுக்குக் கிராமத்து மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்த வேதனையில் பிறந்ததுதான் இந்தப் பயிற்சி. முதல் ஒரு மணி நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற ஒழுங்கு அதில் வந்துவிடும். ஆனால் வயிற்றைத் திறந்த பிறகு கையை எங்கே வைப்பது என்று அது சொல்லித்தராது. அதற்கு டி.எஸ்.டி.சி., அசெட் போன்ற பயிற்சிகள் இருக்கின்றன. செலவு ஆகும், விடுப்பு கிடைப்பதும் கஷ்டம். இருந்தாலும் ஒருமுறை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் பெரிய தைரியம் வரும். கைக்கு வேலை கொடுக்காவிட்டால் சில மாதங்களில் அது கரைந்தும் போகும்.

உங்கள் பயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இரவில் சரிசெய்ய வேண்டும் என்று எண்ணுகிறீர்கள். அப்படி இல்லை. 1993-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ரொட்டோண்டோ, ஷ்வாப் குழுவினர் 'டேமேஜ் கண்ட்ரோல்' என்ற பெயரில் எழுதியது இதைத்தான். உடல் குளிர்ந்து, ரத்தம் அமிலமாகி, உறைய மறுக்கும் நிலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு நுணுக்கமான தையல் உதவாது. ரத்தத்தை நிறுத்துங்கள், மலம் கசிவதை நிறுத்துங்கள், வெளியே வாருங்கள்.

நெஞ்செலும்பு முனையிலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் திறங்கள். உறைந்த ரத்தக் கட்டிகளை அள்ளி எடுத்து, நான்கு பக்கமும் பெரிய மாப் (ரத்தம் உறிஞ்சும் துணி) வைத்து அடையுங்கள். பிறகு நில்லுங்கள். மயக்க மருத்துவர் ரத்தம் ஏற்றி முடிக்கும்வரை நிற்பதும் அறுவை சிகிச்சைதான். கல்லீரல் கசிந்தால் இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்துங்கள். போதவில்லையா? 1908-இல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் எழுதிய பிடி இருக்கிறது: கல்லீரலுக்குள் போகும் குழாய்த் தொகுப்பை விரல்களுக்கு நடுவே இறுக்குங்கள், பிறகு மறுபடி மாப். மண்ணீரல் சிதைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். குடல் ஓட்டையைக் கட்டிவிடுங்கள், இணைப்பு பிறகு ஆகட்டும். வயிற்றை ஸ்டெரைல் யூரோபேகால் (சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பை) மூடி, மாப் எண்ணிக்கையைக் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதி, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். இதில் நீங்கள் செய்ய முடியாதது எதுவும் இல்லை.

இந்த அசைவுகளைப் பழக விபத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். திறந்து செய்யும் வலதுபுறக் குடல் அறுவையில் பெருங்குடலை விலக்கி எடுக்கிறீர்களே, அதையே இன்னும் நீட்டினால் பெருஞ்சிரை தெரியும். தேவையில்லாமல் நோயாளியிடம் அதைச் செய்யாதீர்கள்; ஆனால் கை எந்தத் தளத்தில் போகிறது என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பிரிங்கிள் பிடியை அங்குள்ள இறந்த உடலில் பத்து முறை செய்தவருக்கு இருட்டிலும் விரல் போகும். உங்களிடம் இறந்தவரின் பிரேதப் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். எனக்கு அது கசப்பாக இருந்தது, ஆனால் எந்தக் காயத்தைத் தவறவிட்டேன் என்று அங்கேதான் கற்றேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தைரியம் வேறு, திறமை வேறு. எனக்குத் தைரியம் அதிகமாக இருந்த ஆண்டில்தான், மாப் வைத்து நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு கல்லீரலை நெடுநேரம் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் பிழைக்கவில்லை. ஆகவே மனசு சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சீனியரைப் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் கையைப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். நள்ளிரவில் அழைக்கலாமா என்பதையும் பகலிலேயே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதா, திறப்பதா என்ற குழப்பமும் பயத்தின் பாதி. ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் தெரிகிறது, ரத்தம் ஏற்றியும் பி.பி. ஏறவில்லை என்றால் அவரை 108-இல் ஏற்றித் தொலைதூரம் அனுப்பாதீர்கள், வழியிலேயே இறந்துவிடுவார். நிலையாக இருப்பவரைத்தான் அனுப்ப வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. அதனால் பணத்துக்காக யாரையும் காக்க வைக்கவும் வேண்டாம்.

சரி, நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கேட்டால் எத்தனை பெரிய மாப் ஸ்டெரைலாகக் கிடைக்கும், இரண்டாவது சக்‌ஷன் வேலை செய்கிறதா, ரத்த வங்கிக்கு ஓடுவது யார் என்று தியேட்டர் சிஸ்டரிடம் கேளுங்கள். மாப் இருபதுக்குக் குறைவு என்றால், பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.