58 யூனிட் யாருடைய கணக்கு?

கேள்வி: லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடி புதிதாகக் கட்டியது, மீட்டரும் புதுசு. கீழே வீட்டுக்காரருக்கு மாதம் 120 யூனிட் ஓடினாலும் ஜீரோ பில்தான். எங்களுக்கு கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் 58 யூனிட்தான் இலவசம், மீதிக்குப் பணம் கட்டுகிறோம். கரண்ட் ஆபீஸில் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் வருது" என்கிறார்கள். கவர்மென்ட் ஆர்டரைக் காட்டுங்கள் என்றால் "அதெல்லாம் டிபார்ட்மென்ட் பேப்பர்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அதைப் பார்க்கவே கூடாதா? வீட்டுக்காரர் கணக்கையும் கேட்டு வாங்க முடியுமா? எனக்குக் கன்னடம் எழுதத் தெரியாது, பில்லையே பள்ளியில் படிக்கும் மகள்தான் வாசித்துச் சொல்கிறாள். தமிழில் மனு கொடுக்கலாமா? பேசாமல் நீங்களே உங்கள் பத்திரிகையில் கேட்டு எழுதினால் என்ன?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். எழுதலாம். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் யாராவது பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள். பத்திரிகைக்காரன் கேட்டால் இத்தனை நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் கட்டாயம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீங்கள் போடுகிற பத்து ரூபாய் மனுவுக்கு 30 நாள் கெடு உண்டு.

முதலில் அந்த 58. இந்தத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது, 2022-23இல் அந்தந்த மீட்டரில் ஓடிய மாதச் சராசரியை எடுத்து, அதற்கு மேல் 10 சதவீதம் சேர்த்து, அவ்வளவு இலவசம் என்றார்கள். உச்சவரம்பு 200 யூனிட். அதைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். கீழ் வீட்டு மீட்டருக்குப் பழைய கணக்கு இருந்தது. உங்கள் மீட்டர் அப்போது பிறக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மாநிலச் சராசரி என்று 53 யூனிட்டை வைத்தார்கள். அதில் பத்து சதவீதம் 5.3. கூட்டிப் பாருங்கள், 58 வந்துவிடும். ஆகவே உங்களை யாரும் தனியாக ஏமாற்றவில்லை.

ஆனால் அந்த 53 எப்படி வந்தது? ஒரு பல்பும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுகிற கிராமத்து வீட்டையும் ஃப்ரிட்ஜ், கீஸர், வாஷிங் மெஷின் ஓடுகிற பெங்களூர் வீட்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் வருகிற எண் அது. போதாததற்கு, அந்த ஒரு வருஷம் சிக்கனமாக இருந்தவருக்கு இலவசம் குறைவு, தாராளமாக எரித்தவருக்கு அதிகம். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். கவுன்டரில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கும் சிஸ்டம் காட்டுவதுதான் தெரியும்.

டிபார்ட்மென்ட் பேப்பர் என்பதெல்லாம் சும்மா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யார் பயன் பெறுகிறார்கள் என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. அதற்கு 2005இலேயே 120 நாள் கெடு வைத்தாயிற்று.

சரி, மனு. நம்மவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். "எங்களுக்கு மட்டும் ஏன் 58 யூனிட்?" என்று எழுதினால் அது சண்டை, தகவல் கோரிக்கை அல்ல. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சொல்லிவிட்டது. ஆகவே காகிதத்தைக் கேளுங்கள்: "கிருஹ ஜோதி அரசாணை, அதன் பிந்தைய திருத்தங்கள், புதிய இணைப்புகளுக்கு 53 யூனிட் என்று முடிவு செய்த கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அதற்கான கணக்குத் தாள். இவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்." இவ்வளவுதான். கர்நாடகத்தில் ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், பொதுவாக 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் நாலு பக்கம், அதில் ஒரு பக்கம் முழுக்க வீட்டுக்காரரின் மாமியார். அதையெல்லாம் அங்கே எழுதாதீர்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை.

எரிசக்தித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் அனுப்புங்கள். ஆன்லைனிலும் போடலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். இடம் மாறிப் போனால் 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. போடுகிறார்களா என்பது வேறு கதை.

தமிழில் முடியாது. ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்கிறது சட்டம், இங்கே அது கன்னடம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே கன்னடம் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு எதற்கு அந்த வம்பு? பத்து வரி எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் கணக்கைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவை இன்னும் இறுக்கியிருக்கிறது. மானியப் பட்டியலையே மறைக்க அது சாக்காகிவிடும் என்பதால் எனக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. உங்களுக்கோ அது தேவையே இல்லை. படி இறங்கிக் கேட்டால் அவரே பில்லைக் காட்டிவிடுவார்.

இன்னொரு பத்து ரூபாய் மிச்சமிருந்தால் இதையும் கேளுங்கள். நமக்கு இலவசம் என்றாலும் அந்தப் பணத்தை மின் நிறுவனத்துக்கு அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு வந்தது என்று மின் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்க வேண்டும், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதைச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு விதி போட்டது. கடைசி நாலு காலாண்டு அறிக்கைகளைக் கேட்டு அந்த ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தனி மனுவாகப் போடுங்கள். அரசு பாக்கி வைத்தால் அந்தச் சுமை என்றைக்காவது கட்டண உயர்வு விசாரணைக்கு வந்து நிற்கும். ஜீரோ பில்காரருக்கு அது தெரியாது, 58க்கு மேல் காசு கட்டுகிற உங்களுக்குத்தான் உறைக்கும்.

அப்புறம், அந்த பில்லை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நீங்கள் அனுப்பியதில் ஆர்.ஆர். நம்பரின், அதாவது உங்கள் மின் இணைப்பு எண்ணின், கடைசி இரண்டு எண்கள் இப்போதே வெளுத்துவிட்டன.