எக்ஸ்ரேயில் மலம் தெரிந்தால் மலச்சிக்கலா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. ஆறு மாதமாகத்தான் மலச்சிக்கல். நாலு நாளைக்கு ஒருமுறை, முக்கி முக்கிப் போகிறார். வயிற்று எக்ஸ்ரேயில் 'மலம் நிறையத் தேங்கியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தினமும் சிரமமில்லாமல் போகிறவரைப் படம் எடுத்தாலும் பெருங்குடலில் மலம் தெரியும். அதே படத்தை ஒரு டாக்டர் 'நிறைய' என்பார், இன்னொருவர் 'சாதாரணம்' என்பார். சாதா எக்ஸ்ரே கைகொடுப்பது வேறு சந்தேகத்துக்கு: வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அம்மா விஷயத்தில் எங்களை உறுத்துவது அந்த 'ஆறு மாதமாகத்தான்'. இந்த வயதில் புதிதாக வந்த மலச்சிக்கலுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, தேவை. மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். வயிற்று சி.டி.யில் சுமார் 8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு; நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.1தான். காரணமில்லாமல் அதை ஏற்க வேண்டாம். தைராய்டு, கால்சியம், சர்க்கரை, ரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, டிராமடால் கலந்த வலி மாத்திரை, சில பி.பி. மாத்திரைகள் எல்லாமே மலத்தைக் கட்டும்.

குடலில் அடைப்பு இல்லை என்று தெரிந்தபின் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி: இரவு ஒன்றிரண்டு டீஸ்பூன், 250 மி.லி. தண்ணீரில் கலந்தவுடன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். களியும் கீரையும் நல்லதுதான். ஆனால் வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் அந்த நாரே இறுகிவிடும்.

மருந்துக்கும் அசையவில்லை என்றால்தான் எக்ஸ்ரேக்கு உண்மையான வேலை. 24 குட்டி வளையங்கள் கொண்ட ஒரு கேப்ஸ்யூலை விழுங்கி, ஐந்தாம் நாள் படம் எடுப்பார்கள். ஐந்து வரை மிச்சமிருந்தால் சாதாரணம். அதற்கு மேல் குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் குடல் மெதுவாக நகர்கிறது. கீழே மலக்குடல் பக்கம் குவிந்து கிடந்தால் வெளியேறும் வாசலில் தகராறு. பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். இடையில் பேதி மருந்து சாப்பிட்டால் வளையங்கள் அடித்துக்கொண்டு போய்விடும், படம் பொய் சொல்லும். விழுங்கிய நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். வாசல் தகராறை உறுதிசெய்ய ஆசனவாய் அழுத்தச் சோதனையும், 50 மி.லி. தண்ணீர் நிரப்பிய பலூனை வெளியே தள்ளும் சோதனையும் உண்டு. ஒரு நிமிடத்தில் தள்ள முடிய வேண்டும். அந்தத் தகராறுக்கு ஆசனவாய்த் தசைகளைப் பழக்கும் பயிற்சிதான் மருந்து, பேதி மாத்திரை அல்ல. வேலூர் சி.எம்.சி. போல இரைப்பை-குடல் பிரிவுள்ள மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமனாருக்கு (78) ஒரு வாரமாக மலம் இல்லை. இரண்டு நாளாகத் துணியில் தண்ணீராகக் கசிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை தரலாமா?
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தரவே தராதீர்கள். இது பேதி இல்லை. மலக்குடலில் கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாக, மேலே இருக்கும் நீர் மட்டும் வழிந்து வருகிறது. மாத்திரை தந்தால் அடைப்பு இன்னும் இறுகும். டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். விரலுக்கு எட்டாமல் மேலே அடைத்திருந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். நீங்களே எனிமா கொடுத்துப் பார்க்காமல், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.